டூட்டூ: பாலே பாவாடை குட்டையானதும் தட்டையானதும் எப்படி?

சின்னப் பெண்ணுக்குப் பிறந்தநாள் கவுன் தைக்கக் கொடுத்திருக்கிறீர்களா? டெய்லர் கேட்கும் முதல் கேள்வியே "உள்ளே கேன்கேன் வைக்கணுமா?" என்பதுதான். கேன்கேன் என்றால் அந்த விறைப்பான நெட் துணி. பாவாடை குடை மாதிரி விரிந்து நிற்பதற்காக உள்ளே இரண்டு மூன்று அடுக்கு வைத்துத் தைப்பார்கள். என் அக்கா மகளுக்கு அப்படி ஒன்று தைத்தோம். கேக் வெட்டும் வரை மகாராணி மாதிரி நின்றாள். வெட்டி முடித்த இரண்டாவது நிமிடம் "இடுப்பெல்லாம் குத்துது" என்று ஒரே அழுகை. லைனிங் வைக்க மறந்திருக்கிறார்கள். கழற்றி, தலைகீழாக நாற்காலியில் போட்டேன். அப்போதுதான் கவனித்தேன்: நெட் சரிந்து விழவே இல்லை, கவிழ்த்துப் போட்ட செம்பருத்தி மாதிரி அப்படியே விரிந்து நின்றது.

பாலே என்ற ஐரோப்பிய நடனத்தை ஆடும் பெண்கள் போடும் டூட்டூவும் அடிப்படையில் இதே சங்கதிதான். நெட், சுருக்கு, அடுக்கு. ஆனால் அதை வைத்துக்கொண்டு முன்னூறு வருடமாக நடந்த சண்டையும் வேடிக்கையும் சாவும் இருக்கிறதே, அது பெரிய கதை. பாலே பார்த்ததே இல்லை என்றாலும் பரவாயில்லை. ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் எல்லாம் கோவையாக வந்துவிடும்: ஆடுபவளின் கால் புதிதாக எதைக் கற்றுக்கொண்டதோ, அதைக் காட்டுவதற்காகப் பாவாடை இடம் விட்டுக்கொண்டே வந்திருக்கிறது. பாதத்தில் வேலை கூடியபோது விளிம்பு கணுக்காலுக்கு ஏறியது, முழங்காலில் வேலை கூடியபோது முழங்காலுக்கு ஏறியது, காலையே காதுவரை தூக்கத் தொடங்கியபோது பாவாடை வேறு வழியில்லாமல் படுத்துவிட்டது.

முதலில் இரண்டு பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள், போதும். கெண்டைக்கால் வரையோ கணுக்கால் வரையோ மென்மையாகத் தொங்கும் நீள வெள்ளைப் பாவாடை ரொமாண்டிக் டூட்டூ. பேய், தேவதை, ஆவி மாதிரி வேஷங்களுக்கு இது. இடுப்பிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும் குட்டைப் பாவாடை கிளாசிக்கல் டூட்டூ. அன்னப்பறவை, இளவரசி எல்லாம் இதில் வருவார்கள். இந்தக் கிளாசிக்கலிலேயே மணி மாதிரிக் கொஞ்சம் கவிழ்ந்தது உண்டு, முழுக்கத் தட்டையானதும் உண்டு. தட்டையானதற்கு ஆங்கிலத்தில் பேன்கேக் டூட்டூ என்று பெயர். நம் ஊரில் பெயர் வைத்திருந்தால் தோசை டூட்டூ என்றிருப்போம், பொருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

டூட்டூ என்ற சொல்லுக்கே ஒரு கூச்சமான கதை இருக்கிறது. பிரெஞ்சுக் குழந்தைகள் உட்காரும் பாகத்தைச் செல்லமாகச் சொல்லும் ஒரு மழலைச் சொல்லிலிருந்து இது திரிந்து வந்தது என்பதுதான் பெரும்பாலானவர்கள் சொல்லும் விளக்கம். அரங்கத்தில் எந்த டிக்கெட் வாங்கியவர்களுக்கு எது தெரிந்தது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பாவாடை கனமாக இருந்த காலம்

பாலே அரண்மனையில் பிறந்தது. இத்தாலிய, பிரெஞ்சு அரசவைகளில் பிரபுக்களே வேஷம் கட்டி ஆடினார்கள். பதினான்காம் லூயி மன்னர் 1653இல் சூரியனாக வேஷம் போட்டு ஆடியவர். 1661இல் நடனத்துக்கென்றே ஒரு ராஜாங்கக் கழகம் ஆரம்பித்தார். பாரிஸ் ஓப்பரா மேடையில் தொழில்முறைப் பெண்கள் ஆட ஆரம்பித்ததே 1681இல்தான், அதுவரை பெண் வேஷமும் ஆண்களுக்கே. அப்படி வந்த பெண்களுக்கு என்ன உடுப்பு? அரசவையில் போடுவதுதான். தரை வரை கனத்த பட்டு, இடுப்பின் இருபுறமும் கூடை மாதிரி வளையம், தலையில் விக், முகமூடி, காலில் ஹீல்ஸ். இதில் குதிக்க முடியாது. ஆண்களுக்கோ முழங்கால் வரைதான் உடை, காலுறை போட்ட கெண்டைக்கால் பளிச்சென்று தெரியும். அதனால் குதியும் சுழற்சியும் அவர்கள் சொத்தாக இருந்தன. பெண்கள் மிதந்து நடந்தார்கள்.

இதில் முதல் கலகம் செய்தவர் மரீ கமார்கோ. 1726இல் பாரிஸ் ஓப்பராவில் அறிமுகமானார். ஆண்கள் மட்டுமே செய்துவந்த ஒரு குதி உண்டு: மேலே எழும்பி, காற்றில் இருக்கும்போதே இரண்டு பாதங்களையும் முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி அடித்துவிட்டு இறங்குவது. கமார்கோ அதைச் செய்தார். செய்தால் மட்டும் போதுமா? கஷ்டப்பட்டுக் கற்ற வித்தையைத் துணிக்குள்ளேயே முடித்துக்கொண்டால் யாருக்கு என்ன லாபம்? பாவாடையைக் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே ஏற்றினார், ஹீல்ஸைக் கழற்றினார். ஏற்றியது சில அங்குலம்தான். ஊரே பேசியது. மானத்தைக் காக்க உள்ளே போட்டுக்கொள்ளும் அரைக்கால்சட்டைக்கு "முன்னெச்சரிக்கைக் கால்சட்டை" என்ற அர்த்தத்தில் பிரெஞ்சில் ஒரு பெயரே புழங்கியது. இன்றைய டூட்டூவின் அடியில் தைத்திருக்கும் ஜட்டிக்கு அதுதான் பாட்டி.

அதே காலத்தில் கமார்கோவுக்குப் போட்டியாக இருந்த மரீ சாலே வேறு வழியில் போனார். 1734இல் லண்டனில், உயிர் பெறும் சிலையாக ஆடும்போது, கூடை வளையம், விக் இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு, வெறும் மஸ்லின் துணியைக் கிரேக்கச் சிலை மாதிரி சுற்றிக்கொண்டு, விரித்த தலையோடு வந்து நின்றார். ஒருவர் நீளத்தைக் குறைத்தார், மற்றவர் எடையைக் குறைத்தார். இந்த இரண்டையும் சேர்த்தால் கிட்டத்தட்ட டூட்டூ வந்துவிடும், ஆனால் சேர்வதற்கு இன்னும் நூறு வருடம் ஆனது.

1832, வெள்ளைப் பாவாடை

1832 மார்ச் 12. பாரிஸ் ஓப்பராவில் 'லா சில்ஃபீட்' அரங்கேறுகிறது. மரீ தாலியோனி காற்றில் வாழும் ஒரு தேவதையாக வருகிறார். நடனம் அமைத்தவர் அவருடைய அப்பா ஃபிலிப்போ. மகளை வியன்னாவில் தினமும் மணிக்கணக்காகப் பிழிந்து எடுத்துப் பழக்கியவர். தாலியோனி கால் விரல் நுனியில் நிற்பார். அதற்கு முன்பும் சிலர் நின்றிருக்கிறார்கள், ஆனால் அது சர்க்கஸ் வித்தை மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது. இவர் நின்றால் தரையை விட்டுக் கிளம்பப் போகிறார் என்று தோன்றும். இன்றைய கட்டை வைத்த ஷூ கூட அப்போது இல்லை. சாதாரண சாட்டின் செருப்பு, முனையில் ஊசியால் குறுக்கும் நெடுக்கும் இழையோட்டிக் கெட்டிப்படுத்தியது, அவ்வளவுதான்.

அன்று அவர் போட்டிருந்த உடைதான் ரொமாண்டிக் டூட்டூவின் மூலப்படிவம். தோள் தெரியும் இறுக்கமான மேல்சட்டை, மணி மாதிரி விரியும் வெள்ளைப் பாவாடை, முதுகில் குட்டிச் சிறகு. வடிவமைத்தவர் ஓவியர் யூஜின் லாமி என்று சொல்வது வழக்கம். நீளம் கணுக்காலுக்கு மேலே நிற்கிறது, அதாவது விரல் நுனியில் நிற்பது தெரிய வேண்டிய அளவுக்குச் சரியாக.

ஏன் வெள்ளை? இந்தக் கதையில் மேடை விளக்குக்கும் ஒரு பங்கு உண்டு. 1820களில் பாரிஸ் ஓப்பராவுக்குக் கேஸ் விளக்கு வந்துவிட்டது. மெழுகுவர்த்தி மாதிரி இல்லை, திருகினால் கூட்டலாம், குறைக்கலாம். மேடையில் நிலா வெளிச்சத்தை உண்டாக்க முடிந்தது. அந்த நீல மங்கலில் வெள்ளை நெட் துணி தானே ஒளிவிடுவது மாதிரித் தெரியும். கூட வந்தது இன்னொரு சாதனம்: இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் 1808, 1809 வாக்கில் காப்புரிமை வாங்கிய வலைத்துணி இயந்திரம். அதுவரை கையால் முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டுப் பின்னிய வலையை இயந்திரம் கெஜக்கணக்கில் கொட்டியது. வேலை போகும் என்று பயந்த கூட்டம் 1816இல் அவருடைய லஃப்பரோ ஆலைக்குள் புகுந்து இயந்திரங்களை நொறுக்கியது. அவர் மூட்டை கட்டிக்கொண்டு டெவன் பக்கம் போய்விட்டார். மேடையில் மிதந்த தேவதைகளின் பாவாடைக்குப் பின்னால் இப்படி ஓர் ஆலைச் சண்டையும் இருந்தது.

1841இல் 'ஜிசெல்' வந்தது. காதலித்தவன் ஏமாற்றியதால் கல்யாணத்துக்கு முன்பே செத்துப்போன பெண்களின் ஆவிகள் இரண்டாம் பாகத்தில் வரிசை வரிசையாக வெள்ளைப் பாவாடையில் வரும். இன்றைக்கும் உலகம் முழுக்க அந்தக் காட்சிக்கு அதே நீள வெள்ளைதான். முடிந்தால் யூட்யூபில் தேடி அந்தப் பாகத்தை மட்டும் பாருங்கள். ஆடுபவள் நின்ற பிறகும் பாவாடை அரை நொடி தாமதித்து வந்து அடங்கும். ஆவிக்கு எடை இல்லை என்று நம்ப வைப்பது அந்த அரை நொடிதான்.

நெருப்பு

இதைச் சொல்லாமல் டூட்டூ கதையைச் சொல்பவர்கள் நிறைய. எனக்கு மனசு வரவில்லை.

வலைத்துணி என்றால் நடுவே காற்று. காற்று நிறைந்த பருத்தித் துணி அடுக்கடுக்காக, பக்கத்திலேயே மூடாத கேஸ் சுடர். 1844 டிசம்பரில் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டர் ஆடிக்கொண்டிருக்கும்போதே பாவாடை பற்றிக்கொண்டது. சில நாளில் இறந்துபோனார். இவர் ஒருவர் மட்டும் இல்லை.

பாரிஸில் எம்மா லிவ்ரி. பதினாறு வயதில், 1858இல், தாலியோனி ஆடிய அதே 'லா சில்ஃபீட்'டில் அறிமுகமானவர். ஓய்வில் இருந்த தாலியோனியே வந்து இந்தப் பெண்ணைச் சிஷ்யையாக எடுத்துக்கொண்டார், 1860இல் அவளுக்காக 'லே பாப்பியோன்', அதாவது வண்ணத்துப்பூச்சி, என்ற பாலேயையும் அமைத்தார். அதன் கதையில் வண்ணத்துப்பூச்சிப் பெண் தீப்பந்தத்தின் அழகில் மயங்கிக் கிட்டே போய்ச் சிறகைச் சுட்டுக்கொள்வாள். படிக்கும்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

அந்தக் காலத்திலேயே துணி எரியாமல் இருக்க ஒரு ரசாயனக் கரைசல் கண்டுபிடித்திருந்தார்கள். கார்த்தெரோன் முறை என்று பெயர். அதில் முக்கி எடுத்த உடையைத்தான் போட வேண்டும் என்று அரசு உத்தரவும் இருந்தது. ஆனால் முக்கினால் துணி விறைத்துவிடும், வெள்ளை பழுப்பாகிவிடும். மிதக்க வேண்டிய பாவாடை சாக்கு மாதிரித் தொங்கினால் எந்த ஆட்டக்காரி சம்மதிப்பாள்? லிவ்ரி சம்மதிக்கவில்லை. வழக்கமான பாவாடையில்தான் ஆடுவேன், எது நடந்தாலும் பொறுப்பு என்னுடையது என்று எழுதியே கொடுத்தார்.

1862 நவம்பர் 15, ஒத்திகை நாள். பாவாடை கேஸ் சுடரில் பட்டது. எட்டு மாதம் துடித்துவிட்டு 1863 ஜூலையில் இறந்தார். வயது இருபது. படுக்கையில் கிடந்தபோதும், பிழைத்து மேடைக்குத் திரும்பினால் அந்தக் கரைசல் துணியைப் போட மாட்டேன், பார்க்கச் சகிக்காது என்று சொன்னதாகச் சொல்வார்கள். எரிந்து மிஞ்சிய உடைத் துண்டுகளைப் பாரிஸ் ஓப்பராவின் அருங்காட்சியகத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். முட்டாள்தனம் என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். நான் சொல்ல மாட்டேன். அவளுடைய தொழிலே எடையில்லாமல் தெரிவது; அதைத் துணி கெடுத்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பழியைப் போடுவதென்றால் சுடரைக் கூண்டுக்குள் வைக்காமல் விட்டவர்கள் மேல் போடலாம்.

1880களில் அரங்கங்களுக்கு மின்விளக்கு வந்தது. லண்டன் சவோய் 1881இல் முழுக்க மின்சாரத்துக்கு மாறியது. பயம் குறைந்தது, வெளிச்சம் கூடியது. வெளிச்சம் கூடியதும் காலில் நடப்பது எல்லாம் பின் வரிசைக்கும் தெரிய ஆரம்பித்தது.

இத்தாலிக்காரிகள் வந்தார்கள், பாவாடை ஏறியது

இதற்குள் பாலேயின் மையம் பாரிஸிலிருந்து ரஷ்யாவுக்கு நகர்ந்திருந்தது. ஜார் மன்னர் பணம், மாரியஸ் பெட்டிபா என்ற பிரெஞ்சுக்காரரின் நடன அமைப்பு. அங்கே 1885இல் வந்து இறங்கினார் விர்ஜீனியா சூக்கி என்ற இத்தாலிக்காரி. இத்தாலியில் பயிற்சி வேறு ரகம்: வேகம், சுழற்சி, விரல் நுனியில் வெகு நேரம். அங்கே பாவாடையும் அதற்கேற்றபடி குட்டை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நீட்டமாக ஒன்றைக் கொடுத்தபோது, "பாட்டிக்குத் தைத்ததையெல்லாம் நான் போட மாட்டேன்" என்று சூக்கி மறுத்துவிட்டதாக ஒரு கதை உண்டு. ரஷ்யர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், அப்புறம் அவர்கள் ஊர்ப் பெண்களும் குட்டைக்கு மாறினார்கள்.

அடுத்து வந்த பியரினா லெனியானி இன்னும் ஒரு படி மேலே. ஒரே காலில் நின்று, மற்றக் காலைச் சாட்டை மாதிரி வீசி வீசி, நின்ற இடத்திலேயே 32 முறை சுழல்வார். 1895இல் 'ஸ்வான் லேக்'கின் புது அமைப்பிலும் அதைச் செய்தார். இன்றுவரை அந்தக் கறுப்பு அன்னம் வரும் காட்சியில் ரசிகர்கள் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருப்பார்கள், முப்பது, முப்பத்தொன்று என்று. இந்த வித்தையில் வேலை செய்வது முழங்கால். அது மடங்குவதும் நீள்வதும் தெரியாவிட்டால் 32 என்ன, 64 சுற்றினாலும் பம்பரம் சுற்றுகிற மாதிரித்தான் இருக்கும்.

ஆனால் ஒன்று, அன்றைய புகைப்படங்களைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 1890களின் அன்னங்களும் இளவரசிகளும் முழங்கால் வரை வரும், புஸ்ஸென்று உப்பிய பாவாடையில்தான் நிற்கிறார்கள். தட்டு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் டூட்டூ அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து வந்தது. ஆக, 'ஸ்வான் லேக்' என்றதும் நம் மனசில் வரும் அந்தத் தட்டைப் பாவாடை அன்னத்தைப் பெட்டிபாவே பார்த்ததில்லை.

இந்தக் காலத்துச் சம்பவம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 1901இல் மட்டில்டா கஷேசின்ஸ்கா என்ற ரஷ்ய ஆட்டக்காரி 'கமார்கோ' என்ற பாலேயில் ஆடினார். ஆமாம், நாம் மேலே பார்த்த அதே மரீ கமார்கோவைப் பற்றிய பாலே. பதினெட்டாம் நூற்றாண்டு உடை என்பதால் உள்ளே கூடை வளையம் போட வேண்டும் என்றது நிர்வாகம். சின்ன உடம்பு எனக்கு, அதைப் போட்டால் ஆட வராது என்று அவர் போடாமலே மேடையேறிவிட்டார். அரசு அரங்கங்களின் இயக்குநர் இளவரசர் வோல்கோன்ஸ்கி அபராதம் போட்டார். கஷேசின்ஸ்காவுக்கோ இரண்டாம் நிக்கோலஸ் ஜார் ஆவதற்கு முன்பு அவரோடு காதல் இருந்தது, நேரே ஜாருக்கே சொல்லி அனுப்பினார். அபராதம் ரத்து. வோல்கோன்ஸ்கி வேலையை விட்டே போனார். ஒரு பாவாடை வளையத்துக்காக!

உள்ளே என்ன இருக்கிறது

சரி, இந்தத் தட்டைப் பாவாடை எப்படி விழாமல் நிற்கிறது?

தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தால்தான் புரியும், அக்கா மகள் கவுன் மாதிரியே. அடித்தளம் ஒரு ஜட்டி. அதன் மேல் சுற்றிச் சுற்றி நெட் அடுக்குகள், சாதாரணமாகப் பத்துப் பன்னிரண்டு. எல்லாம் சுருக்கு வைத்துத் தைத்தவை. காலுக்குப் பக்கத்தில் இருக்கும் அடி அடுக்கு இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். மேலே வர வர அகலம் கூடும். மேலடுக்கு ஒரு முழத்துக்குக் கிட்ட வரும். கீழே இருக்கும் குட்டை அடுக்குகள் மேலே இருப்பதை முட்டுக் கொடுத்துத் தாங்குகின்றன. மரத்தின் கிளையை அடியிலிருந்து கவட்டை வைத்துத் தாங்குவது மாதிரி. நடு அடுக்கு ஒன்றில் மெல்லிய எஃகுக் கம்பி வளையம் ஓடும். கடைசியாக எல்லா அடுக்கையும் சேர்த்துக் கையாலேயே தளர்வாக ஓட்டுத்தையல் போட்டுப் பிணைப்பார்கள். இங்கேதான் தையல்காரரின் கைவண்ணம். இறுக்கிவிட்டால் பலகை மாதிரி ஆகிவிடும், ரொம்பத் தளர்த்திவிட்டால் ஒவ்வோர் அடுக்கும் தன் இஷ்டத்துக்கு ஆடும்.

இடுப்பிலிருந்து தொடை மேட்டு வரை ஒரு பட்டை. அதற்கு மேல் பல துண்டுகளை ஒட்டித் தைத்த இறுக்கமான மேல்சட்டை. முதுகில் ஜிப் கிடையாது, கொக்கிதான். ஆட்டத்தின் நடுவில் ஜிப் கிழிந்தால் கதை முடிந்தது. கொக்கி ஒன்று போனாலும் மற்றவை தாங்கும். அதிலும் கொக்கி மாட்டும் இடங்களை இரண்டு மூன்று வரிசையாக வைப்பார்கள், ஒல்லியானவளும் கொஞ்சம் பூசினாற்போல இருப்பவளும் ஒரே உடையைப் போட வசதியாக. பெரிய நடனக் குழுக்களில் ஒரே டூட்டூ பல வருடம் பலர் மாறி மாறிப் போடுவது. உள்பக்கத்துப் பட்டையில் போட்டவர்கள் பெயரை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதித் தைத்திருப்பார்கள்.

துவைக்க முடியாது. தண்ணீர் பட்டால் விறைப்பு போய்விடும். வியர்வை நாற்றத்துக்கு வோட்கா தெளிப்பார்கள், நிஜமாகத்தான், சாராயம் ஆவியாகும்போது வாடையையும் கிருமியையும் கொண்டுபோய்விடுமாம். தொங்கவிடுவதும் தலைகீழாக, அல்லது அப்பளக் கட்டு மாதிரி ஒன்றன் மேல் ஒன்று அடுக்கி. ஒரு நல்ல டூட்டூவுக்கு நூறு மணி நேரம்கூட வேலை இழுக்கும் என்பார்கள், அதில் பெரும்பகுதி கை வேலை.

இவ்வளவும் செய்து போட்டால் ஒரு தொந்தரவு: ஆடுபவளுக்குத் தன் பாதம் தெரியாது. சேர்ந்து ஆடும் ஆணுக்கும் தெரியாது, தூக்கும்போது விறைத்த நெட் அவன் முகத்தில் அறையும். அழகாகச் சிரித்துக்கொண்டே சமாளிப்பதும் பயிற்சியில் சேர்த்திதான்.

வளையத்தை எடுத்த கரின்ஸ்கா

இருபதாம் நூற்றாண்டில் டூட்டூவை வேண்டாம் என்றவர்கள் நிறையப் பேர். அமெரிக்க ஆட்டக்காரி இசடோரா டங்கன் வெறுங்காலோடு, தளர்ந்த அங்கியில் ஆடினார். டியாகிலெவின் ரஷ்யக் குழு 1909இல் பாரிஸுக்கு வந்தபோது ஒரு பக்கம் தாலியோனி காலத்து நீளப் பாவாடைக்குத் திரும்பிப் போனது, அடுத்த வருடமே 'ஃபயர்பேர்ட்'டில் நாயகிக்குப் பைஜாமா மாதிரிக் கால்சட்டை மாட்டியது. 1924இல் அதே குழு ஒரு பாலேக்குப் பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேலிடம் நீச்சலுடை மாதிரி உடைகள் வாங்கிப் போட்டது. நியூயார்க்கில் பாலே அமைத்த பாலன்ஷீன் 1950களில் தன் நவீன பாலேக்களைப் பயிற்சி உடையிலேயே ஆட வைத்தார். உடம்பின் கோடே போதும், துணி எதற்கு என்பது அவர் வாதம்.

ஆனால் அதே பாலன்ஷீனுக்குத்தான் டூட்டூவில் கடைசிப் பெரிய கண்டுபிடிப்பும் நடந்தது. 'சிம்பனி இன் சி' என்று ஒரு பாலே. முடிவில் ஐம்பது பேருக்கு மேல் மேடையில் நெருக்கியடித்து நிற்பார்கள். கம்பி வளையம் வைத்த டூட்டூவில் அது ஆபத்து. ஒருத்தியின் விளிம்பு பக்கத்தில் இருப்பவளின் விளிம்பை உரசினால் இந்தப் பக்கம் அமுங்கி அந்தப் பக்கம் எழும்பும், அது அடுத்தவளை இடிக்கும், வரிசை முழுக்க ஊஞ்சலாடும். உக்ரைனின் கார்கிவ் நகரில் பிறந்து, பாரிஸ் வழியாக நியூயார்க் வந்து, ஆடை வடிவமைப்புக்கு ஆஸ்கரும் வாங்கிய பார்பரா கரின்ஸ்கா, 1950இல் வளையத்தையே உருவிவிட்டார். அடுக்குகளைக் குறைத்தார், குட்டையாக வெட்டினார், தளரத் தைத்தார். பாவாடை தட்டாக நிற்காமல் பவுடர் பூசும் பஃப் மாதிரி மெத்தென்று கவிழ்ந்து உட்கார்ந்தது. பவுடர் பஃப் டூட்டூ என்றே பெயராகிவிட்டது. உரசினாலும் துணி வழிவிடும். மேலே காலும் இடுப்பு வரை தெரியும். எனக்குப் பிடித்த டூட்டூ எது என்று கேட்டால் இதுதான். அலங்காரம் குறைவு, யோசனை அதிகம்.

இங்கே நம் ஊரைத் தொடும் ஒரு கிளை இருக்கிறது. இறக்கை வைத்த டூட்டூவில் 'சாகும் அன்னம்' ஆடி உலகம் சுற்றிய அன்னா பாவ்லோவாவை 1920களின் கடைசியில் ருக்மிணி தேவி அருண்டேல் சந்தித்தார். பாவ்லோவாவின் குழுவில் இருந்த கிளியோ நோர்டியிடம் கொஞ்ச நாள் பாலேயே கற்றார். உன் நாட்டு ஆட்டத்தைத் தேடிப் போ என்று பாவ்லோவா சொன்னதுதான் அவரைப் பரதத்தின் பக்கம் திருப்பியது. 1936இல் கலாக்ஷேத்ரா. புடவையைக் கட்டி ஆடுவதற்குப் பதில் தைத்த உடையைப் பரதத்தில் பரப்பியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. முன்னால் வரும் விசிறி மடிப்பைப் பாருங்கள்: நிமிர்ந்து நின்றால் மூடியிருக்கும், அரைமண்டியில் உட்கார்ந்தால்தான் விரியும். காலைக் காட்ட பாலே துணியை மேலே ஏற்றியது, பரதம் துணியை மடித்து வைத்தது.

பாவ்லோவா 1931 ஜனவரியில் ஹேக் நகரில் நிமோனியாவில் இறந்தார். கடைசியாக அவர் கேட்டது, "அன்ன உடையைத் தயாராக வையுங்கள்" என்பதாம்.

இப்போது

இன்றைக்கு டூட்டூ ஒரே மாதிரி இல்லை. 1974இலிருந்து நியூயார்க்கின் ட்ரோகடெரோ குழுவில் ஆண்களே டூட்டூ கட்டி விரல் நுனியில் ஆடுகிறார்கள், வயிறு வலிக்கச் சிரிக்க வைத்துக்கொண்டே 32 சுற்றையும் சுற்றிக் காட்டுவார்கள். பிரிட்டிஷ் நடன அமைப்பாளர் மேத்யூ போர்ன் 1995இல் தன் 'ஸ்வான் லேக்'கில் ஆண்களையே அன்னமாக்கி, டூட்டூவுக்குப் பதில் இறகு இறகாகத் தொங்கும் கால்சட்டை போட்டார். ஹார்லெம் நடனக் குழுவினர் 1970களில் டூட்டூவை விட்டுவிட்டு அதற்குக் கீழே இருப்பதைக் கேள்வி கேட்டார்கள்: வெள்ளைக்காரத் தோல் நிறத்தில் இருக்கும் ரோஸ் காலுறையைக் கறுப்புப் பெண் ஏன் போட வேண்டும்? ஒவ்வொருத்தியும் தன் தோல் நிறத்துக்குக் காலுறையையும் ஷூவையும் சாயம் போட்டுக்கொண்டார்கள். கால் கோடு இடுப்பிலிருந்து விரல் வரை வெட்டுப்படாமல் தெரிந்தது. 1996இல் வில்லியம் ஃபோர்சைத் அமைத்த ஒரு பாலேயில் ஸ்டீவன் காலோவே செய்த டூட்டூ இன்னும் ஒரு எல்லை: சுருக்கு இல்லை, நெட் அடுக்கு இல்லை, எலுமிச்சைப் பச்சையில் வழவழவென்று ஒரு வட்டத் தகடு, அவ்வளவுதான். சிடியை இடுப்பில் மாட்டியது மாதிரி இருக்கும். 2018 யுஎஸ் ஓப்பனில் செரீனா வில்லியம்ஸ் கறுப்பு நெட் பாவாடையோடு டென்னிஸ் ஆடியது பலருக்கு நினைவிருக்கும்.

கடைசியாக ஒரு பொம்மை. ஓவியர் எட்கர் தெகா 1881இல் பாரிஸில் ஒரு சிலையைக் காட்சிக்கு வைத்தார். பதினான்கு வயது நடன மாணவி, மெழுகில் செய்தது, ஆனால் பாவாடை, மேல்சட்டை, செருப்பு, ரிப்பன் எல்லாம் நிஜத் துணி. பார்த்தவர்கள் அருவருத்தார்கள், குரங்கு மாதிரி இருக்கிறாள் என்றுகூட எழுதினார்கள். தெகா இறந்த பிறகு அதை வெண்கலத்தில் பல பிரதிகள் வார்த்தார்கள், இன்று பல நாட்டு அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. வெண்கலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. துணிதான் நைந்து, தூசி படிந்து, கிழிந்துபோகிறது. அவ்வப்போது புதிதாகத் தைத்து மாட்டுகிறார்கள். ஓர் ஊரில் அவளுக்கு முழங்கால் வரை பாவாடை, இன்னோர் ஊரில் தொடையோடு நிற்கும் கந்தல் நெட். உடம்பு ஒரே அச்சு, டூட்டூ மட்டும் ஊருக்கு ஒன்று.